ஒரு மணி நேரம் வேலை பார்த்தால் போதும்: ஆப்பிரிக்காவின் வேலையின்மைக் கணக்கு

இந்த எபிசோடை ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கணும். போன முறை ஆப்பிரிக்கப் பொருளாதாரங்கள் பத்திப் பேசும்போது, நைஜீரியாவில் வேலையின்மை விகிதம் 33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக இறங்கிடுச்சுன்னு ஒரு வரி சொன்னேன். பெரிய சாதனைங்கிற தொனியில்தான் சொன்னேன். ரெண்டு நாள்ல லாகோஸில் வேலை பார்க்கும் ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தார். "ப்ரோ, நீங்க சொன்ன அந்த நைஜீரியா எங்க இருக்கு? நானும் அங்கயே வேலை தேடிக்கிறேன்." அவ்வளவுதான் மெயில்.

நான் சொன்ன ரெண்டு எண்ணும் சரிதான். அந்த நாட்டுப் புள்ளிவிவர அலுவலகமே வெளியிட்டவை. ஆனாலும் நான் சொன்னது தப்பு. அது எப்படின்னு புரிஞ்சுக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

முதல் வேலையா, உலக வங்கியின் தளத்திலிருந்து ஆப்பிரிக்க நாடுகளின் வேலையின்மை விகிதங்களை எடுத்து, பைத்தானில் பத்து வரி எழுதி, பெருசுலேர்ந்து சின்னதுக்கு வரிசைப்படுத்தினேன். வந்த பட்டியலைப் பார்த்ததும், சார்ட் பண்ணும்போது தலைகீழா போட்டுட்டோமோன்னுதான் முதல்ல தோணுச்சு. தென்னாப்பிரிக்கா உச்சியில், 30 சதவீதத்துக்கு மேலே. அதுக்குப் பக்கத்துலயே எஸ்வாத்தினி, போட்ஸ்வானா, நமீபியா. அடியில நைஜர், 1 சதவீதத்துக்கும் கீழே. அதோட புருண்டி, சாட்.

நைஜர் மனித வளர்ச்சிக் குறியீட்டில் வருஷா வருஷம் கடைசி சில இடங்களில் வரும் நாடு. தலைக்கு ஆண்டு வருமானம் சுமார் 600 டாலர். தென்னாப்பிரிக்காவில் அது கிட்டத்தட்ட பத்து மடங்கு. கண்டத்தின் பெரிய பங்குச் சந்தை ஜோகன்னஸ்பர்கில்தான் இருக்கு. கார் தொழிற்சாலைகள், சுரங்கங்கள், பெரிய வங்கிகள் எல்லாம் அங்கே. ஆனா மூணு பேரில் ஒருத்தருக்கு வேலை இல்லாதது அங்கே. எல்லாருக்கும் வேலை இருக்கிறது நைஜரில். கோடில் பக் இல்லை. மூணு தடவை செக் பண்ணினேன்.

அப்போ பிரச்சினை எங்கேன்னா, "வேலையில்லாதவர்" என்ற சொல்லில்.

உலகத்தில் பெரும்பாலான நாடுகள் இதற்குப் பின்பற்றுவது சர்வதேச தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐஎல்ஓ வகுத்த வரையறையை. இப்போ புழக்கத்தில் இருப்பதன் அடிப்படை 1982இல் போடப்பட்டது. வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பாளர் போய்க் கேள்வி கேட்பார். ஒருத்தர் "வேலையில்லாதவர்" பட்டியலில் சேரணும்னா மூணு நிபந்தனை. ஒன்று, குறிப்பிட்ட அந்த வாரத்தில் அவர் ஒரு மணி நேரம்கூட வேலை செய்திருக்கக் கூடாது. இரண்டு, சமீபத்தில், பொதுவாகக் கடந்த நாலு வாரத்தில், வேலை தேடி ஏதாவது முயற்சி எடுத்திருக்கணும். மூன்று, வேலை கிடைத்தால் உடனே சேரத் தயாராக இருக்கணும். மூணும் சேர்ந்து இருக்கணும். கோடு எழுதுறவங்களுக்குச் சொல்றதுன்னா, நடுவுல இருக்கிறது 'ஆண்ட்', 'ஆர்' இல்லை.

ஒரு மணி நேரம். வாரத்துக்கு.

இதைப் படிச்சப்போ எனக்கு என் கதைதான் ஞாபகம் வந்துச்சு. இன்ஜினியரிங் முடிச்ச பிறகு எட்டு மாசம் வேலை இல்லாம இருந்தேன். அப்போ மாமா வீட்டில் தங்கி, அவரோட ஜெராக்ஸ் கடையில் மத்தியானம் அவர் சாப்பிடப் போகும்போது ஒரு ரெண்டு மணி நேரம் உட்காருவேன். சனிக்கிழமை ஆனா கையில இருநூறு ரூபாய் குடுப்பார், "பெட்ரோலுக்கு வெச்சுக்கடா"ன்னு. சொந்தக்காரங்க யாரு கேட்டாலும் அம்மா, "இன்னும் வேலை கிடைக்கலை"ன்னுதான் சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ஆனா அந்த வாரம் கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்திருந்தா, நான் வேலையில் இருப்பவன். மாமா அந்த இருநூறு ரூபாயைக் குடுக்கலைன்னாலும் அப்படித்தான். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவி செய்பவரும் வரையறைப்படி வேலையில் இருப்பவரே.

இது யாரோ ஏமாத்தணும்னு வெச்ச விதி இல்லை, அதையும் சொல்லிடறேன். ஐஎல்ஓவின் தர்க்கம் இதுதான்: நாட்டில் நடக்கும் எல்லா உழைப்பையும், எவ்வளவு சின்னதா இருந்தாலும், உற்பத்திக் கணக்கோட பொருந்துற மாதிரி பிடிக்கணும். அதனால வேலையின்மை என்பது "வேலை முற்றிலும் இல்லாத நிலை" என்று ஆகுது. போதாத வேலை, மோசமான வேலை, இதுக்கெல்லாம் வேற அளவுகோல்கள் வெச்சிருக்காங்க. சிக்கல் என்னன்னா, செய்தித்தாளும் என்னை மாதிரி ஆளுங்களும் அந்த ஒரே ஒரு எண்ணை மட்டும் எடுத்துட்டு ஓடிடுவோம்.

இன்னொரு விஷயம், பகுக்கும் எண். விகிதம்னா மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே வேலையில்லாதவர்கள். கீழே எல்லா மக்களும் இல்லை. வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் மட்டும். ஒரு ஊர்ல நூறு பெரியவங்கன்னு வெச்சுக்குங்க. 60 பேர் வேலையில் இருக்காங்க, 20 பேர் தேடறாங்க, 20 பேர் தேடலை. 80இல் 20, விகிதம் 25 சதவீதம். இப்போ தேடிட்டு இருந்தவங்கள்ல 10 பேர் வெறுத்துப்போய் நிறுத்திட்டாங்க. 70இல் 10. விகிதம் 14 சதவீதமா இறங்கிடுச்சு. ஒருத்தருக்குக்கூட வேலை கிடைக்கலை. எகிப்தின் விகிதம் சமீப வருஷங்களில் 7 சதவீதத்தை ஒட்டி இருப்பதைப் பார்க்கும்போது இதை மனசில் வெச்சுக்கணும். அங்கே வேலைச் சந்தைக்குள் இருக்கும் பெண்கள் 20 சதவீதத்துக்கும் கீழே. மீதிப் பேர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

சரி, நைஜீரியாவுக்கு வருவோம். லாகோஸ் நேயருக்குப் பதில் சொல்லணும்ல.

2020இன் கடைசிக் காலாண்டுக்கு நைஜீரியாவின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் சொன்ன விகிதம் 33.3 சதவீதம். அப்போ அவங்க வெச்சிருந்த விதி வேற. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை பார்த்தால் வேலையில்லாதவர். 20லேர்ந்து 39 மணி நேரம்னா குறைவேலையில் இருப்பவர். 2023 ஆகஸ்டில் புது முறைப்படி கணக்கெடுத்து வெளியிட்டாங்க. வாரத்தில் ஒரு மணி நேரம் சம்பளத்துக்கோ லாபத்துக்கோ உழைத்தால் வேலையில் இருப்பவர். கேள்வித்தாளும் மாறியது, வயது வரம்பும் மாறியது. 2023 முதல் காலாண்டின் விகிதம் 4.1 சதவீதம்.

எங்க டீம்ல ஒரு சர்வர் அலர்ட் தொல்லை பண்ணிட்டே இருந்தா சில பேர் என்ன செய்வாங்க தெரியுமா? வரம்பை 70லேர்ந்து 95க்கு மாத்திடுவாங்க. அலர்ட் நின்னுடும், டேஷ்போர்டு பச்சையாயிடும். சர்வர் அதே சூட்டில்தான் ஓடிக்கிட்டிருக்கும். நான் போன எபிசோடில் செய்தது, அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துக் கைதட்டினது.

ஆனா நைஜீரிய அலுவலகத்தை நான் முழுசா குறை சொல்ல மாட்டேன். 20 மணி நேர வரம்பு வேற எந்த நாட்டோடயும் ஒப்பிட முடியாத ஒண்ணு. கானாவையோ கென்யாவையோ பக்கத்தில் வெச்சுப் பார்க்கணும்னா பொது விதிக்குத்தான் வரணும். இன்னொன்று, அதே அறிக்கையில் அவங்க எதையும் மறைக்கலை. வேலையில் இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேலே முறைசாரா வேலையில் இருக்காங்கன்னு போட்டிருக்காங்க. முக்கால்வாசிப் பேர் சொந்தமா ஏதோ வியாபாரமோ விவசாயமோ பண்றாங்க. மாசச் சம்பளம், கூலின்னு வாங்கி இன்னொருத்தர்கிட்ட வேலை பார்க்கிறவங்க சுமார் 12 சதவீதம்தான். இன்னும் மணி நேரம் கிடைச்சா வேலை பார்ப்பேன்னு சொன்ன குறைவேலைக்காரங்க 12.2 சதவீதம். லாகோஸ் சிக்னல்ல குளிர்ந்த தண்ணீர்ப் பாக்கெட்டும் மொபைல் சார்ஜரும் விக்கிற பையன் இந்தக் கணக்கில் தொழில்முனைவோர். நேயர் தினமும் கண்ணாடி வழியா பார்க்கிறது அவனைத்தான்.

இப்போ நைஜர். அங்கே விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழே இருப்பதற்குக் காரணம் பெருசா ஒண்ணும் மர்மம் இல்லை. பெரும்பாலான மக்கள் கிராமத்தில், கம்பும் சோளமும் காராமணியும் விதைக்கிறாங்க. மழை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, ஒரே ஒரு போகம். வேலையில்லாதவங்களுக்கு அரசு தரும் உதவித்தொகைன்னு ஒண்ணு கிடையாது. வேலை தேடுவதுன்னாலே ஒரு செலவு. பஸ்ஸுக்குப் பணம் வேணும், போற ஊர்ல தங்க இடம் வேணும், தேடற நாட்களுக்கு யாராவது சோறு போடணும். அந்த வசதி இல்லாதவர் தேட மாட்டார். கிடைச்சதைச் செய்வார். ஆடு மேய்ப்பார், அண்ணன் நிலத்தில் களை எடுப்பார், சந்தையில் மூட்டை தூக்குவார். எல்லாமே ஒரு மணி நேரத்துக்கு மேலே. எல்லாருமே வேலையில் இருப்பவர்கள். வேலை இல்லாமல் இருக்கிறதுக்குக்கூட கொஞ்சம் காசு வேணும்னு சொன்னா கிண்டலா தெரியும், ஆனா அந்த எண்ணுக்கு அர்த்தம் அதுதான்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. உலக வங்கியின் பட்டியலில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு எண் இருக்கும். ஆனா நிறைய ஆப்பிரிக்க நாடுகளில் வருஷா வருஷம் கணக்கெடுப்பு நடப்பதில்லை. நடுவில் உள்ள ஓட்டைகளை ஐஎல்ஓ ஒரு புள்ளியியல் மாடல் வெச்சு நிரப்புது. தலைப்பிலேயே "மாடல் செய்யப்பட்ட மதிப்பீடு"ன்னு போட்டிருக்கும். நான் அந்த நெடுவரிசைப் பெயரைச் சுருக்கி 'ரேட்'னு மாத்திட்டுத்தான் வேலையையே ஆரம்பிச்சேன். அந்த ஒரு வரியில முக்கியமான தகவல் போயிடுச்சு.

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கு. ருவாண்டா. 2013இல் ஐஎல்ஓவின் புள்ளியியல் மாநாடு ஒரு புதிய தீர்மானம் போட்டது: சம்பளத்துக்கோ லாபத்துக்கோ செய்யும் வேலைதான் கணக்கில் வேலைவாய்ப்பு; தன் வீட்டுச் சாப்பாட்டுக்காக மட்டும் விளைவிப்பவர் உழைக்கிறார், ஆனால் அது வேறு வகை. ருவாண்டா அந்த முறைக்கு மாறிய உடனே, தன் வயிற்றுக்கு விவசாயம் பண்றவங்க வேலையில் இருப்பவர்கள் பட்டியலிலிருந்து வெளியே வந்தாங்க. அவங்களில் வேலை தேடுறவங்க வேலையில்லாதவர்கள் ஆனாங்க. மத்தவங்க சந்தைக்கே வெளியே. மேல் எண் கூடுது, கீழ் எண் குறையுது. பழைய முறையில் மிகக் குறைவாக இருந்த விகிதம், புது முறையில் 17 சதவீதத்தை ஒட்டி வந்தது. ஒரே நாடு, அதே மலைச்சரிவு, அதே பீன்ஸ் பயிர். ஆக, நைஜீரியா விதியை மாத்தி இறங்கியது, ருவாண்டா விதியை மாத்தி ஏறியது. என் வரைபடத்தில் ஒண்ணு பச்சை, ஒண்ணு ஆரஞ்சு. பக்கத்தில் பக்கத்தில் வெச்சு ஒப்பிட்டா என்ன கிடைக்கும்? ரெண்டு விதிகளைத்தான் ஒப்பிடறோம்.

அப்போ தென்னாப்பிரிக்காவின் எண்ணும் இப்படி ஒரு விதி விளையாட்டுதானா? இந்தக் கேள்வி அங்கேயே பெரிய சண்டையா வந்தது. 2025 ஜூனில், கேப்பிடெக் வங்கியின் அப்போதைய தலைமை நிர்வாகி கெர்ரி ஃபூரி, டவுன்ஷிப்புகளில் சொந்தமாகத் தொழில் செய்பவர்களைச் சேர்த்தால் உண்மையான வேலையின்மை 10 சதவீதம் அளவில்தான் இருக்கும்னு சொன்னார். அவரோட வங்கிக்கு வாடிக்கையாளர்கள் ஏராளம், தெருவோர வியாபாரத்தை நேரில் பார்க்கிறவர், அதனால் நிறையப் பேர் நம்பினாங்க. நானா இருந்தாலும் நம்பியிருப்பேன். புள்ளிவிவர அலுவலகம் மறுத்தது. முறைசாரா வேலை செய்பவர்களை அவங்க ஏற்கெனவே எண்ணுறாங்க. அதே ஒரு மணி நேர விதிதான். ஒவ்வொரு காலாண்டும் சுமார் 30,000 வீடுகளுக்குப் போய்க் கேட்கிறாங்க. நீங்க வரி கட்டறீங்களா, பதிவு இருக்கான்னு பார்த்து வேலையை முடிவு பண்றதில்லை.

நான் புள்ளிவிவர அலுவலகத்தின் பக்கம்தான். 2025 முதல் காலாண்டில் 1 கோடியே 68 லட்சம் பேர் வேலையில், 82 லட்சம் பேர் வேலை தேடிக்கொண்டு. விகிதம் 32.9. இதில் சேராமல், தேடித் தேடி மனசு விட்டுப்போய் நிறுத்தினவங்க மட்டும் 35 லட்சம். அவங்களையும், வேற காரணத்தால் தேட முடியாமப் போனவங்களையும் சேர்த்து இன்னொரு விகிதமும் அவங்களே வெளியிடறாங்க: 43.1. பதினைந்திலிருந்து 64 வயதுக்குள் இருக்கும் பத்துப் பேரில் நாலு பேருக்குத்தான் ஏதாவது ஒரு வேலை இருக்கு. நைஜரை அளந்த அதே மென்மையான விதியை வெச்சு அளந்தும் இவ்வளவு வருதுன்னா, அதில் விளையாட்டு ஒண்ணும் இல்லை.

ஆனா ஏன்? தண்ணீர்ப் பாக்கெட் விற்கிற வேலைகூட அங்கே ஏன் எல்லாரையும் உள்ளே இழுக்கலை? ஆப்பிரிக்கா முழுக்க வேலையில் இருப்பவர்களில் 85 சதவீதத்துக்கு மேல் முறைசாரா வேலைன்னு ஐஎல்ஓ 2018இல் சொன்னது. தென்னாப்பிரிக்காவில் விவசாயம் தவிர்த்த முறைசாராத் துறையின் பங்கு ஐந்தில் ஒன்று அளவில்தான். இதுக்குப் பொருளாதார வல்லுநர்கள் பல காரணம் சொல்றாங்க. எனக்கு இதில் வரலாறுதான் பெருசாத் தெரியுது.

1913இல் ஒரு நிலச் சட்டம். நாட்டில் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு 7 சதவீத நிலத்தை மட்டும் ஒதுக்கியது. 1936இல் அதை 13 சதவீதம் அளவுக்கு உயர்த்தினாங்க. நைஜரில் ஒருத்தர் திரும்பிப் போக ஒரு துண்டு நிலம் இருக்கு, அது எவ்வளவு காய்ஞ்சு கிடந்தாலும். இங்கே அந்த நிலத்தைத்தான் பிடுங்கிட்டாங்க. சுரங்கத்துக்கும் வெள்ளையர் பண்ணைக்கும் கூலி ஆட்கள் வேணும்ல. 1950இல் குழுப் பகுதிகள் சட்டம். யார் எங்கே குடியிருக்கலாம்னு இனவாரியாகப் பிரிச்சு, கறுப்பின மக்களை ஊருக்கு வெளியே டவுன்ஷிப்புகளில் வெச்சாங்க. அங்கே கடை வைக்கவும் தொழில் நடத்தவும் எக்கச்சக்கக் கட்டுப்பாடு. நிறவெறி ஆட்சி 1994இல் முடிஞ்சது. ஆனா வீடுகள் அதே இடத்தில்தான் இருக்கு. கேப் டவுனின் காயெலிட்ஷாவிலிருந்து நகரத்துக்குள் வேலை தேடிப் போறவர் மினிபஸ் டாக்சிக்கே கையில் இருக்கும் காசைக் கொட்டணும். வீட்டு வாசலில் கடை போட்டால், கூட்டிப்போகிற தூரத்தில் பெரிய சூப்பர்மார்க்கெட் சங்கிலி அதைவிட மலிவாக விற்குது. பட்டியலின் உச்சியில் எஸ்வாத்தினி, போட்ஸ்வானா, நமீபியா இருந்ததும் தற்செயல் இல்லை. நாலுமே ஒரே சுங்க ஒன்றியத்தில் இருக்கும் அண்டை நாடுகள், அதே சுரங்கக் கூலிப் பொருளாதாரத்தின் நிழலில் வளர்ந்தவை.

இன்னொரு ஆள் பத்திச் சொல்லிட்டு முடிக்கிறேன். துனிசியாவின் சிதி பூசித் ஊரைச் சேர்ந்த முகமது பூவாசிசி. 26 வயசு. தள்ளுவண்டியில் காய்கறி, பழம் விற்றவர். 2010 டிசம்பர் 17 அன்று அதிகாரிகள் அவரது பொருட்களைப் பறிமுதல் செய்ததை அடுத்துத் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். ஜனவரி 4 இறந்துபோனார். பத்து நாள் கழித்து, 23 ஆண்டுகளாக நாட்டை ஆண்ட பென் அலி விமானம் ஏறி ஓடினார். அந்த நேரத்தில் உலகம் முழுக்கச் செய்திகளில் பூவாசிசியை "வேலையில்லாப் பட்டதாரி"ன்னு எழுதினாங்க. அவர் பட்டதாரி இல்லை, பள்ளிப் படிப்பையே முடிக்கலை. இன்னொரு தப்பும் அதில் இருக்கு. அந்த வாரம் கணக்கெடுப்பாளர் அவர் வீட்டுக்குப் போயிருந்தால், அவர் வேலையில்லாதவர் இல்லை. முழுநேர வேலையில் இருப்பவர். ஒரு அரசாங்கமே கவிழக் காரணமான அந்தக் கோபம், துனிசியாவின் வேலையின்மை விகிதத்தில் ஒரு ஆளாகக்கூடச் சேர்ந்திருக்காது.

என் வரைபடத்தை இப்போ மாத்திட்டேன். ஒரு நிறத்துக்குப் பதில் நாட்டுக்கு மூணு எண்: வேலை வயதில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு வேலை இருக்கு, அதில் எத்தனை பேர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாங்க, வேலையின்மை விகிதம் எவ்வளவு. கூடவே எந்த வருஷத்துக் கணக்கெடுப்பு, எந்த விதிப்படின்னு சின்ன எழுத்தில். பார்க்க முன்னைவிட அசிங்கமாத்தான் இருக்கு. லாகோஸ் நேயருக்கு அனுப்பினேன். "இப்போ என் தெரு தெரியுது ப்ரோ"ன்னு பதில் போட்டார், அப்படியே நெய்ரா மதிப்பு விழுந்ததைப் பத்தி எப்போ பேசுவீங்கன்னும் கேட்டிருக்கார். அது அடுத்த எபிசோட்.